இருநூற்றுப் பன்னிரண்டாம் பிழை

மெஹர் பானு செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்கியதே இல்லை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூடை கொண்டுவரும் அமுதம் அவளுக்குப் பதினெட்டு வருஷப் பழக்கம். அமுதத்தின் மீனையும் செவுள் பார்த்துத்தான் எடுப்பாள். அமுதம் இதற்காக ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை, அவளே செவுளை விரித்துக் காட்டிவிடுவாள். இப்படிப்பட்டவள் ஒரு எஸ்.இ.ஓ. நிறுவனத்திடம் எப்படிப் போய் மாட்டிக்கொண்டாள் என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். காரணம் எளியது. அந்தத் தொழிலுக்குச் செவுள் கிடையாது.

எஸ்.இ.ஓ. என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். நெட்டில் யாராவது எதையாவது தேடினால், நம்முடைய கடையின் பெயர் மற்ற கடைகளுக்கு மேலே வரும்படி செய்கிற வித்தை அது. வித்தை பலித்தால் நிறுவனத்தின் திறமை. பலிக்காவிட்டால் தேடுபவர்களின் தவறு.

மெஹர் பானுவின் தொழில் மூன்று அறைகள். கணவர் மவுத்தான பிறகு, பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருந்த வீட்டின் மாடியை அவள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு விட்டுவந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்த சொல்தாக்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்கள் கட்டிக்கொண்டவர்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வருவார்கள். மாதக்கணக்கில் தங்குவார்கள். கோயிலுக்கோ மாதா கோயிலுக்கோ தர்காவுக்கோ போய்விட்டு வந்து, அவள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டு, ஊருக்குப் போகும்போது அழுவார்கள். அடுத்த வருஷமும் வருவார்கள்.

அவர்களில் ஒருத்தி, பிரெஞ்சு ரெயூனியன் தீவில் நூலகத்தில் வேலை பார்க்கும் அறிவுமதி, வெளியே தலைகாட்ட முடியாத ஒரு வெயில் மத்தியானத்தில் உட்கார்ந்து அந்த வீட்டுக்கு ஒரு இணையதளம் செய்து கொடுத்தாள். மூன்று படம்: வீட்டு வாசல், கொசுவலை கட்டிய கட்டில், மண்சட்டியில் மீன் குழம்பு. ஒரு போன் நம்பர். மேலே பெரிய எழுத்தில் பெயர்: 'மெய்சோன் மெஹர், கரிகால்'. மெய்சோன் என்றால் பிரெஞ்சில் வீடு. கரிகால் என்றால் காரைக்கால்தான். இன்றைக்கு நாம் ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஆர்' என்ற எழுத்துக்குப் பின் ஒரு 'ஏ' போடுகிறோம். பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஏ-யைப் போட்டதில்லை. அவர்கள் கொடுத்த பிறப்புச் சான்றிதழ்களிலும் பென்ஷன் தாள்களிலும் அந்த ஏ இல்லை. ஆகவே பாரிஸ் பக்கத்தில் உட்கார்ந்து தாத்தாவின் ஊரைத் தேடுகிற பேத்தியும் அந்த ஏ இல்லாமல்தான் தேடுவாள். தேடினால் மெஹர் பானுவின் வீடுதான் முதலில் வரும். அந்த எழுத்தில் அப்படி வேறு வீடே கிடையாது.

ஆறு வருஷம் இப்படி ஓடியது. போன செப்டம்பரில் கொழுந்தன் கபீர் வந்து உட்கார்ந்தார். வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு. உர ஏஜென்சி ஒன்று குடோனுக்கு இடம் தேடுகிறது, வீடு பிடித்துப்போயிற்று, இரண்டு மாதம் நிறைந்து பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் மாடியால் யாருக்கு லாபம் என்று கேட்டார். அண்ணன் மனைவியான மச்சிக்குத் தன் வீட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்றும் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஆகஸ்டுக்குள் வருஷம் முழுக்க ஆள் வரும்படி செய்து காட்டுகிறேன், முடியாவிட்டால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று.

மறுவாரமே ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் தளத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகள் இருக்கின்றன, பார்த்து நாங்கள் மிகவும் வேதனைப்பட்டோம் என்றது. முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டுக்காக வேதனைப்பட்டால் மெஹர் பானு அவரைச் சந்தேகப்படுவாள். அந்த மின்னஞ்சலை அழித்தாள். ஆனால் எண் மனசில் தங்கிவிட்டது. நம்பகமான ஆளாகப் பார்த்து நாமே பிடிப்போம் என்று போனை எடுத்து, "காரைக்காலில் நம்பகமான எஸ்.இ.ஓ. கம்பெனி எது" என்று அதையே கேட்டாள்.

முதலில் வந்தது ஒரு கட்டுரை. 'காரைக்காலின் நம்பகமான பத்து எஸ்.இ.ஓ. நிறுவனங்கள்: ஒரு நடுநிலை ஆய்வு.' அதில் முதலிடம் பெற்றது உச்சிக்கொம்பு டிஜிட்டல். கட்டுரையின் கடைசியில், கண்ணுக்கு எட்டாத சின்ன எழுத்தில், ஆய்வு செய்தது உச்சிக்கொம்பு டிஜிட்டலின் ஆய்வுப் பிரிவு என்று போட்டிருந்தது. மெஹர் பானு மூக்குக் கண்ணாடி இல்லாமல் படித்தாள். மற்ற நிறுவனங்களையும் விசாரிக்காமல் விடக் கூடாது என்று வரிசையாகப் போன் செய்தாள். இரண்டாவது இடத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. மூன்றாவது இடம் பெற்றவர் காரைக்குடியில் இருந்தார், காரைக்கால் எங்கே இருக்கிறது என்று அவளிடமே கேட்டார். எட்டாவது இடத்தில் ஒரு பெண் எடுத்து ஜாக்கெட்டா சுடிதாரா என்றாள். இப்படி ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவள் மறுபடி முதலிடத்துக்கே வந்து சேர்ந்தாள். நடுநிலை ஆய்வு என்பது அதற்காகத்தான் எழுதப்படுகிறது.

அதே உச்சிக்கொம்பு ஒரு கையேடும் வெளியிட்டிருந்தது: 'நம்பகமான எஸ்.இ.ஓ. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கக் கேட்க வேண்டிய பதினான்கு கேள்விகள்.' மெஹர் பானு அதை ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அவர்கள் அலுவலகத்துக்கு மாடியேறினாள்.

நிறுவனத்தின் தலைவர் புகழேந்திக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். கதவில் 'தலைமைத் தெரிநிலை அதிகாரி' என்று பலகை, அதாவது கடைகளை ஊர் கண்ணில் படவைப்பவர். அவளுக்கு டீ வரவழைத்தார். அவருக்குப் பக்கத்தில் எழில்மதி என்ற பெண் மடிக்கணினியோடு நின்றாள், அவள் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி மேலாளர்'. மெஹர் பானு நோட்டை விரித்தாள்.

முதல் கேள்வி, முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறீர்களா? தந்தால் நம்பாதே என்று கையேடு சொல்லியிருந்தது.

"உத்தரவாதம் தரவே மாட்டோம் மேடம்," என்றார் புகழேந்தி. "அதுக்கு நான் உத்தரவாதம்."

பழைய வாடிக்கையாளர்களிடம் பேசலாமா என்று கேட்டாள். தாராளமாக, ஆனால் அவர்களுடைய தனிமையை நாங்கள் உயிராக மதிக்கிறோம், ஆகவே பேச முடியாது, நாளைக்கு உங்கள் தனிமையையும் இப்படித்தான் மதிப்போம் என்றார். தளத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும் என்பது ஏழாவது கேள்வி. அது முழுக்க முழுக்க உங்களுடையதுதான், பத்திரமாக இருக்கட்டும் என்று நாங்கள் வைத்திருப்போம் என்றார். ஒன்பதாவது கேள்விக்கு வந்தபோது, எல்லாம் நல்ல கேள்விகள், யார் எழுதியது தெரியுமா, நாங்கள்தான் என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். மிச்சக் கேள்விகளை அவரே படித்து அவரே பதில் சொல்லிக்கொண்டார். பதினான்கிலும் தேறிவிட்டார்.

மெஹர் பானுவுக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் எதிரில் இருந்தவர் கண்ணைப் பார்த்துப் பேசினார், டீயில் சர்க்கரை அளவாக இருந்தது, வாஷிங் மெஷினின் சத்தம் அவள் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

தணிக்கை ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. அவர்கள் அதை 'ஆடிட்' என்றார்கள். வீட்டுக் கூடத்தில் திரை கட்டி, புரொஜெக்டர் வைத்து, எழில்மதி பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அமுதமும் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள். வாசல் படத்தில் உணர்ச்சி இல்லை. கட்டில் படத்தில் வாழ்க்கை முறை இல்லை. மீன் குழம்புப் படத்தில் சிரிக்கிற மனிதர் யாரும் இல்லை. போன் நம்பர் மேலேயே இருப்பதால் வருகிறவர் எதையும் படிக்காமல் போன் செய்துவிடுகிறார், அது நடத்தைக் குறைபாடு, நம்பரை ஒன்பது பத்திக்குக் கீழே தள்ள வேண்டும். நேரா போன் பண்றதுதானே நல்லது என்று அமுதம் கேட்டாள். அந்தக் கேள்வியை எழில்மதி குறித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு வேண்டும் என்று புகழேந்தி எழுந்து நின்று விளக்கினார். தேடும் இயந்திரத்துக்குக் கண் கிடையாது. ஆகவே படத்தில் என்ன இருக்கிறதோ, அதில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை ஓர் எழுத்தும் பிசகாமல் கீழே எழுத வேண்டும். இது உலக விதி. இதை மீறியதற்காகச் சொந்த மைத்துனனையே வேலையைவிட்டு அனுப்பினேன் என்றார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக இருநூற்றுப் பன்னிரண்டாம் பிழை வந்தது. திரை சிவப்பாக மாறியது.

"மேடம், ஊர்ப் பேரையே தப்பா எழுதியிருக்கீங்க. ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

மெஹர் பானு, பிரான்சில் அப்படித்தான் எழுதுவார்கள், வருகிறவர்கள் எல்லாம் அந்த ஊரார்தான் என்று சொன்னாள். எழில்மதி புகழேந்தியைப் பார்த்தாள். புகழேந்தி, சாகக் கிடக்கும் நோயாளியின் சொந்தக்காரரிடம் டாக்டர் பேசுகிற குரலில், இதற்கு 'வாடிக்கையாளர் உணர்ச்சிவசம்' என்று பெயர், பாடத்திலேயே இருக்கிறது என்றார். ஒரு எழுத்து என்று லேசாக நினைக்க வேண்டாம், எங்கள் தொழிலில் ஒரு எழுத்துக்காகக் கம்பெனிகள் மூழ்கியிருக்கின்றன என்றார். இரண்டு படித்த பிள்ளைகள் இப்படிப் பதறும்போது, பத்தாவதோடு நின்ற தான் என்ன சொல்வது என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கூடத்திலேயே எழில்மதி ஒரு 'ஏ' தட்டினாள். திரை பச்சையானது. கேக் வெட்டினார்கள். கேக்கும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்.

அன்றிலிருந்து மாதாமாதம் அறிக்கை வந்தது. நாற்பது பக்கம், நல்ல வழவழப்பான தாள், எல்லா அம்புகளும் மேலே போயின. மீன் குழம்புப் படம் போய், இலைதழைகளை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கும் வெள்ளைக்காரப் பெண் வந்தாள். வாசல் படத்துக்குப் பின்னால் ஒரு பனிமலை முளைத்திருந்தது. போன் நம்பருக்கு மேலே ஒன்பது பத்திகள்: 'காரைக்காலில் தங்கும் விடுதி தேடித் தங்கும் விடுதியில் தங்க விரும்புவோர் தங்குவதற்கான காரைக்கால் தங்கும் விடுதிகளில் சிறந்த காரைக்கால் தங்கும் விடுதி.' இதை எழுதியது மனிதனா இயந்திரமா என்று கேட்டதற்கு, இயந்திரத்துக்குப் பிடிக்கும்படி மனிதர் எழுதியது என்று எழில்மதி பெருமையாகச் சொன்னாள்.

போனும் அடிக்கத்தான் செய்தது. சரியான எழுத்தில் காரைக்கால் என்று தேடுகிறவர்களில் பாதிப் பேர் திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள். உச்சிக்கொம்பும் அதைக் கண்டுபிடித்து, சனி பகவான் சன்னதிக்கு மிக அருகில் என்று தளத்தில் சேர்த்துவிட்டது. நளதீர்த்தத்தில் முழுகிவிட்டு வந்து துணி மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மட்டும் ரூம் கிடைக்குமா என்று கேட்டார்கள். எள்விளக்கு நீங்களே தருவீர்களா என்றார்கள். உடுத்திக் குளித்த பழைய துணியை விட்டுவிட்டுப் போக உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா என்று சேலத்திலிருந்து ஒரு குடும்பம் கேட்டது. கோயிலுக்கு எந்தப் பஸ், எந்த வாசல், எங்கே குளிக்க வேண்டும் என்று மெஹர் பானு பொறுமையாகச் சொல்லுவாள். நேரில் வந்து நின்றவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். ஆறு மாதத்தில் அவளுக்குப் பெயர்ச்சித் தேதிகள் அத்தனையும் மனப்பாடம் ஆகிவிட்டன. மூன்று அறையிலும் தங்கியவர் ஒருவரும் இல்லை. அந்த அழைப்புகள் எல்லாம் அறிக்கையில் 'ஈடுபாடு' என்ற தலைப்பில் பச்சை அம்பாக ஏறின.

மார்ச்சில் வழக்கமாக வரும் பிரான்ஸ் போன்கள் வரவில்லை. ஏப்ரலிலும் இல்லை. மெஹர் பானு மாடியேறிப் போய், அந்த ஒரு எழுத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். எழுத்தைச் சேர்ப்பது எளிது, நீக்குவது அப்படியல்ல என்றாள் எழில்மதி. அதற்கு 'எழுத்து நீக்க விண்ணப்பம்' உண்டு, டோக்கன் நம்பர் வரும், மாற்றக் குழு கூடும். மாற்றக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, சாரும் நானும் என்றாள். எப்போது கூடும்? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலுவலகத்தில் இருக்கும்போது. அந்த இரண்டு பேரும் அப்போது அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் டோக்கன் போடவில்லையே என்றார் புகழேந்தி.

குழு மூன்று வாரம் கழித்துக் கூடி விண்ணப்பத்தை நிராகரித்தது. வாடிக்கையாளர் தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்வதை நிறுவனம் அனுமதிக்காது என்பது காரணம்.

வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்று அவள் அந்தப் பழைய பட்டியலை எடுத்தாள். இரண்டாம் இடத்தில் சிங்கமுகம் வெப் சொல்யூஷன்ஸ் என்று ஒன்று இருந்தது. விலாசத்தைத் தேடிக்கொண்டு போனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெரு, ஒரு குறுகலான மாடிப்படி. ஏறிக் கதவைத் திறந்தாள். உள்ளே புகழேந்தி உட்கார்ந்திருந்தார். அதே அறைதான், இது அதன் பின்கதவு. நாற்காலியை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். அவர் கொஞ்சமும் கூசவில்லை.

"உக்காருங்க மேடம். கஸ்டமருக்குச் செகண்ட் ஒபினியன் அவசியம். வெளியில வாங்குனா தரம் இருக்காது. அதான் நாங்களே குடுக்குறோம்."

இரண்டாம் அபிப்பிராயமும் முதலாவதோடு முழுக்க ஒத்துப்போயிற்று. புதிதாக ஒரு தளம் செய்துகொள்கிறேன் என்று அவள் சொன்னபோது, தாராளமாக, ஆனால் இயந்திரம் புதுத் தளத்தை நம்புவதற்கு இரண்டு வருஷமாகும், நம்பிக்கை என்பது சும்மா வந்துவிடுமா என்றார். பழைய கடவுச்சொல்லைத் திருப்பிக் கேட்டாள். பாதுகாப்புக் கருதி அதை மாற்றிவிட்டோம், புதியதை உங்களிடம் சொன்னால் பாதுகாப்பு போய்விடும் என்றார். படியிறங்கும்போது அவளுக்குக் கோபம் பொங்கியது. மீன்காரியிடம் காட்டிய புத்தியை இவர்களிடம் காட்டாமல் போனோமே என்று தன் மேலேயே வந்த கோபம்.

ஜூலை பிறந்தது. மாடி பூட்டிக் கிடந்தது. கபீர் ஒரு ஆளை அழைத்து வந்து அறைகளை டேப் வைத்து அளந்தார். ஆள் நீளத்தைச் சொல்ல, கபீர் எழுதிக்கொண்டார். மெஹர் பானு கீழே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வெங்காயம் அவளுக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

அன்று மாலை அலமாரியைக் குடைந்தபோது ஒரு கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. பாரிஸ் பக்கத்தில் இருக்கும் ஞானசௌந்தரி தன் மகள் கல்யாணத்துக்கு அனுப்பியது. நான்கு வருஷம் தொடர்ந்து வந்து தங்கிய அம்மாள். பத்திரிகையின் மூலையில் நம்பர் இருந்தது. மெஹர் பானு கூப்பிட்டாள். எடுத்தவள் குரலைக் கேட்டதும் கூவிவிட்டாள்.

"மெஹரா? நீங்க இருக்கீங்களா? போன் மாத்துனதுல நம்பர் போயிட்டுது. எப்பவும்போலத் தட்டிப் பார்த்தா உங்க வீடு வரல. ஆறு தடவை தேடுனேன். தவறிப்போயிட்டீங்கன்னு நெனச்சு மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டேன்."

என்ன எழுத்தில் தட்டினீர்கள் என்று கேட்டாள். கரிகால்தான், வேறென்ன, எங்கப்பா தாளில் அப்படித்தானே இருக்கிறது என்றாள் ஞானசௌந்தரி. இந்த வருஷம் புதுச்சேரியில் வேறு இடம் எடுத்துவிட்டார்கள். தெரிந்தவர்களிடம் சொல்கிறேன், ஆனால் எங்கள் ஆட்கள் யார் சொன்னாலும் நெட்டில் ஒரு தடவை பார்க்காமல் வரமாட்டார்கள், அதில் உங்கள் வீடு வரவேண்டுமே என்றாள். மெஹர் பானு போனை வைத்துவிட்டு அழுதாள். உயிரோடு இருக்கும்போதே மெழுகுவத்தி ஏற்றும் அளவுக்கு ஒரு மனுஷியை ஊரின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு, அதற்குத் 'தெரிநிலை' என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

மறுநாள் அழைப்பிதழ் வந்தது. உச்சிக்கொம்பு டிஜிட்டல் நடத்தும் நம்பிக்கைத் திருவிழா. இந்த ஆண்டின் 'நம்பிக்கை நாயகி' விருதுக்கு மெய்சோன் மெஹரைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், தேர்வுக் குழுவில் உச்சிக்கொம்பும் சிங்கமுகமும் ஒருமனதாக இருந்ததாகவும் போட்டிருந்தது. அவள் கிழித்துப்போட இருந்தாள். ஊரார் முன்னால் மைக்கில் அந்த எழுத்தைக் கேட்கலாமே என்று தோன்றியதால் போனாள். கபீரும் கூட வந்தார்.

கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டல் மாடி. நூறு நாற்காலி. கடைக்காரர்கள், கம்ப்யூட்டர் படிக்கும் பெண்கள், ஒரு போட்டோகிராபர். புகழேந்தி கோட் போட்டிருந்தார். மைக்கைப் பிடித்தார்.

"நம்பிக்கைன்னா என்னங்க? கண்ணால பார்க்க முடியாதது. நாங்க செய்யிற வேலையும் கண்ணால பார்க்க முடியாதது. ரெண்டும் ஒண்ணுதான். எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி இந்த அம்மா வீட்டை வருஷத்துக்கு நாப்பது பேர் பார்த்தாங்க. நாப்பது பேரும் வந்து தங்குனாங்க. இதெல்லாம் ஒரு வளர்ச்சியா? இன்னிக்கு ஒன்பதாயிரம் பேர் பாக்குறாங்க. ஒருத்தர்கூட வந்து அந்தம்மாவைத் தொந்தரவு பண்றதில்ல."

பலத்த கைதட்டல். கபீரும் தட்டினார், பிறகு எதையோ யோசித்து நிறுத்திக்கொண்டார்.

மெஹர் பானுவை மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் மைக்கில், எனக்கு வார்த்தை வேண்டாம், ஒரே ஒரு எழுத்தை மட்டும் எடுத்துக்கொடுங்கள் என்றாள். சபை அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்துக் கைதட்டியது. புகழேந்தியும் சிரித்தார். கையில் ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் கொடுத்துப் போட்டோவுக்குத் திருப்பி நிறுத்தினார்கள். அவள் கேடயத்தைக் குனிந்து பார்த்தாள். இந்தத் தடவை மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள்.

'மெய்சோன் மெஹர், கரிகால்' என்று பொறித்திருந்தது. அந்த ஏ இல்லை.

எழில்மதியும் அப்போதுதான் கவனித்தாள். முகம் வெளுத்து, காதருகே வந்து கிசுகிசுத்தாள். கண்ணாடியின் அகலம் பத்தவில்லை என்று பொறிக்கிற ஆள் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்.

"ஒரு எழுத்துதானே மேடம். யாரு பார்க்கப்போறா?"

மூன்று மாதமாக டோக்கன் போட்டுக் கேட்டும் கிடைக்காதது, கண்ணாடியில் இடம் போதாததால் கிடைத்திருந்தது. மெஹர் பானு கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை ஆடிட் ஞாபகம் வந்தது. மறுபடி மைக்கருகே போய், ஒரே ஒரு ஆசை இருக்கிறது, இந்த விருதின் படத்தைத் தளத்தில் எல்லாவற்றுக்கும் மேலே போட வேண்டும் என்றாள். சபை தட்டியது. புகழேந்தி உருகிப்போனார். படம் போட்டால், அதில் எழுதியிருப்பதை ஓர் எழுத்தும் பிசகாமல் கீழே எழுதுவீர்கள் இல்லையா, அது உலக விதிதானே, இதற்காக மைத்துனரையே அனுப்பினீர்களே என்றாள். நூறு பேருக்கு முன்னால் தன் விதியைத் தானே இல்லையென்று சொல்ல அவரால் முடியுமா? எங்கள் உயிரே அதுதான் என்றார். அந்த மேடையிலேயே எழில்மதி மடிக்கணினியைத் திறந்து, கேடயத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். ஏ இல்லாமல்.

பதினோராம் நாள் ரெயூனியனிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவருக்குத் தமிழ் பாதிதான் வந்தது. தாத்தாவின் ஊரைத் தேடினோம், ஒரு கண்ணாடிப் படம் வந்தது, கீழே வந்து வந்து ஒன்பது பத்திக்கு அடியில் நம்பரைக் கண்டுபிடித்தோம் என்றார். அவரோடு ஆறு பேர், ஆகஸ்டு முழுக்க. மறுநாள் பாரிஸ் பக்கத்திலிருந்து ஒரு கணவன் மனைவி, ஞானசௌந்தரி சொல்லியனுப்பியவர்கள். ஆகஸ்டு பாதியில் கபீர் உர ஏஜென்சிக்காரரை அழைத்துக்கொண்டு மாடியேறியபோது மூன்று அறையிலும் ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கிழவர் பனியனோடு வந்து நின்று, யார் வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டார். கபீர் இறங்கி வந்து, கொஞ்ச நேரம் கூடத்தில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டார். அளவு எழுதிய தாளை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வருஷமும் பார்ப்போம் மச்சி என்றார்.

ஆகஸ்டு அறிக்கையும் வழவழப்பாக வந்தது. மூன்று அறை நிரம்பியது எங்கள் நீண்டகால உழைப்பின் பலன் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். அன்று மத்தியானம் எழில்மதி போன் செய்தாள். குரலில் பதற்றம். ஆடிட்டில் புதிதாக ஒரு சிவப்புப் பிழை வந்திருக்கிறது, விருதுப் படத்தின் குறிப்பில் ஊர்ப்பெயரில் ஒரு எழுத்து குறைகிறது, கேடயத்தைத் திருப்பிக் கொடுத்தால் வேறு செய்து தருகிறோம், குறிப்பையும் திருத்திவிடலாமா என்று கேட்டாள்.

வாசலில் அமுதம் கூடையை இறக்கியிருந்தாள். மெஹர் பானு ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வௌவால் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பு நன்றாக இருந்தது.

"ஒரு எழுத்துதானேம்மா," என்றாள். "யாரு பார்க்கப்போறா?"